டென்னிஸ் ராக்கெட்டை உடைத்தால் அபராதம், தன்னையே அடித்துக்கொண்டால்?

செந்தில்_பேக்ஹேண்ட் (இழையைத் தொடங்கியவர்)

2023 நவம்பரில் டூரினில் நடந்த ஏடிபி (ஆண்கள் டென்னிஸ் சங்கம்) ஃபைனல்ஸில் ரஷ்ய ஆட்டக்காரர் ஆந்த்ரே ருப்லெவ் அல்கராஸிடம் 7-5, 6-2 என்று தோற்றார். அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஸ்கோர் மறந்திருக்கலாம், முழங்கால் மறந்திருக்காது. ஒவ்வொரு பாயிண்ட்டாக நழுவ நழுவ, ராக்கெட்டால் தன் முழங்காலிலேயே ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டார். தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. டென்னிஸின் நடத்தை விதிகளில் ராக்கெட்டை உடைப்பதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பந்தைக் கோபத்தில் அடித்துத் தள்ளுவதற்கு, காதில் விழும்படி கெட்ட வார்த்தை பேசுவதற்கு, கையால் ஆபாசமாகச் சைகை காட்டுவதற்கு, நடுவரைத் திட்டுவதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் உண்டு. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதற்கு என்று ஒரு பிரிவு கிடையாது. அதற்கும் அபராதம் போடச் சொல்லவில்லை. கோபம் வெளியே பாய்ந்தால் அதைக் கவனிக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது, உள்ளே பாய்ந்தால் கவனிக்க யாருமே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வேறு எந்த விளையாட்டில் ஒரு மனிதரை மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் இப்படித் தனியாக நிறுத்துகிறோம்? கிரிக்கெட்டில் அவுட்டானால் டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போய் துண்டால் முகத்தை மூடிக்கொள்ளலாம். குத்துச்சண்டையில்கூட ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மூலையில் ஒருவர் தண்ணீர் கொடுத்து, காதருகே பேசுகிறார். டென்னிஸில் ஒரு பாயிண்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 25 விநாடி. பக்கம் மாறும்போது 90 விநாடி. அந்த 90 விநாடியும் கேமரா முகத்துக்கு நேராகவே நிற்கும்.

ருப்லெவ் கெட்ட மனிதர் இல்லை. சக ஆட்டக்காரர்கள் அவரைப் பற்றி அன்பாகத்தான் பேசுகிறார்கள். 2024 விம்பிள்டன் தோல்விக்குப் பிறகு மிக மோசமான மனநிலையில் இருந்ததாகவும், முன்னாள் ஆட்டக்காரர் மராட் சஃபின் பேசியது உதவியதாகவும் பின்னால் அவரே பேட்டியில் சொன்னார். ராக்கெட் உடைப்பதற்கே பேர்போன சஃபின்! அந்த வலியை அறிந்த ஒருவரிடம்தான் அவர் போய் நின்றிருக்கிறார்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். "பணம் வாங்குகிறான், பொறுத்துக்கொள்ளட்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

---

பேஸ்லைன்_பாலு

செந்தில், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் மன அழுத்தம் என்ற பெயரில் எல்லாவற்றையும் மன்னித்துவிடும் பாதையை என்னால் ஏற்க முடியாது.

2020 யூஎஸ் ஓபன் நான்காவது சுற்று. முதல் செட்டில் 5-6 என்று பின்தங்கிய ஜோகோவிச், பையிலிருந்த பந்தை எடுத்துத் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கம் அடித்தார். அது லைன் நடுவரின் தொண்டையில் பட்டது. அந்தப் பெண்மணி மூச்சுத் திணறிக் கீழே சரிந்தார். முதல் நிலை வீரர், கோப்பைக்குப் பெரிய போட்டியாளர், அங்கேயே வெளியேற்றப்பட்டார். அது சரியான முடிவு. அன்று அவர் மனத்தில் என்ன ஓடியது என்று விசாரிப்பதற்கு முன்னால் கீழே கிடப்பவரைப் பார்க்க வேண்டும்.

2022-இல் மெக்ஸிகோவின் அகபுல்கோவில் ஸ்வெரெவ் இரட்டையர் ஆட்டத்தில் தோற்றுவிட்டு நடுவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை ராக்கெட்டால் அடித்தார். ஒரு முறை இல்லை, பல முறை. நடுவரின் கால் மயிரிழையில் தப்பியது. போட்டியிலிருந்து வெளியேற்றினார்கள், சரி. அதற்கு மேல் கிடைத்த தடை? எட்டு வாரம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தடை. அதாவது அடுத்த வேலையை அவர் வழக்கம்போலத் தொடரலாம். என்னைக் கேட்டால் விதிகள் கடுமையாக இல்லை என்பதுதான் பிரச்சினை.

அதே அழுத்தத்தில்தான் நடாலும் ஆடினார். தொழில்முறை ஆட்டத்தில் ஒரு ராக்கெட்டையும் அவர் உடைத்ததில்லை. ராக்கெட்டை வீசினால் அன்றோடு பயிற்சி நின்றுவிடும் என்று அவருடைய சித்தப்பா டோனி சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்தார். வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதே!

---

சென்டர்கோர்ட்_93

என் பெயரிலேயே இருக்கும் 93 எதைக் குறிக்கிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அது 1993 விம்பிள்டன் பெண்கள் இறுதி ஆட்டம். இந்த இழைக்கும் அது தேவைப்படுகிறது.

யானா நவோட்னா, ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக. மூன்றாவது செட்டில் நவோட்னா 4-1 முன்னிலை. அவருடைய சர்வீஸ், 40-30. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் 5-1. அந்த இடத்தில் டபுள் ஃபால்ட், இரண்டு சர்வும் தவறிப் பாயிண்ட் போயிற்று. அதற்கப்புறம் அவருடைய கை அவர் சொன்னதைக் கேட்கவில்லை. சுலபமான வாலி வெளியே போகிறது, ஸ்மாஷ் தவறுகிறது. கிராஃப் தொடர்ந்து ஐந்து கேம் எடுத்து 7-6, 1-6, 6-4 என்று ஜெயித்தார். பரிசளிப்பில் கென்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து நவோட்னா தேம்பி அழுத படம் உலகமெல்லாம் வந்தது.

அவர் கத்தவில்லை. ராக்கெட்டை உடைக்கவில்லை. யாரையும் திட்டவில்லை. பாலு கேட்கும் ஒழுக்கம் நூற்றுக்கு நூறு இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மனுஷி உடைந்துகொண்டிருந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். கோபமாக வெடித்தால்தான் அது அழுத்தம் என்று இல்லை. டபுள் ஃபால்ட்டாகவும் வரும்.

சபலென்கா 2022 தொடக்கத்தில் அடிலெய்டில் பட்ட பாடு நினைவிருக்கிறதா? சர்வ் போடவே முடியாமல், கண்ணீரோடு கீழ்க்கையால் போட்டுப் பார்த்தார். ஒரே ஆட்டத்தில் 18 டபுள் ஃபால்ட், அடுத்ததில் 21. மறு வருடம் ஆஸ்திரேலியன் ஓபனை வென்றார். இதற்கு அவர் சர்வ் போடும் முறையைப் பிரித்துப் பார்க்கும் ஒரு நிபுணரிடம் போனார். மனநல நிபுணரோடு வேலை செய்வதை நிறுத்திவிட்டு, தன்னைத் தானே கவனித்துக்கொள்வதாகவும் அப்போது சொன்னார். ஷ்வியான்டெக்கோ டாரியா அப்ரமோவிச் என்ற உளவியலாளரை ஊர் ஊராக உடன் அழைத்துப் போகிறார். ஆளுக்கு ஆள் வழி வேறு.

இந்த ஆட்டத்தின் கணக்கே குரூரமானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபெடரர் 2024-இல் டார்ட்மத் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு உரையில் சொன்னார்: 1526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயித்திருக்கிறார், ஆனால் பாயிண்ட்டுகளில் 54 சதவீதம்தான். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரே ஏறக்குறைய பாதிப் பாயிண்ட்டுகளைத் தோற்றிருக்கிறார். 2019 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் அவர் 218 பாயிண்ட், ஜோகோவிச் 204. அவர் கையில் சர்வீஸ், 8-7, 40-15, இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட். கோப்பை ஜோகோவிச்சுக்குப் போயிற்று. அதிகம் எடுத்தவர் தோற்கும் விளையாட்டு இது. ஒவ்வொரு தோல்வியையும் 25 விநாடிக்குள் மறந்துவிட்டு அடுத்ததற்கு நிற்க வேண்டும்.

நவோட்னா 1998-இல் விம்பிள்டனை வென்றார். 2017-இல், 49 வயதில், புற்றுநோயில் போய்விட்டார். இன்றும் அவர் பெயரைச் சொன்னால் வென்றதைவிட அழுததைத்தான் முதலில் காட்டுகிறார்கள். எனக்கு அது ஆறவே இல்லை.

---

ரொறன்ரோ_ரமணன்

இஞ்ச கனடாவில இருந்து ஒரு கதை. 2017 பெப்ரவரி, ஒட்டாவாவில் நாடுகளுக்கிடையிலான டேவிஸ் கிண்ணம். கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் 2-2. கடைசி ஆட்டம் டெனிஸ் ஷபோவலொவ், 17 வயதுப் பிள்ளை, கைல் எட்மண்டோடு. இரண்டு செற் பின்னுக்கு நிண்டு, மூன்றாவதிலும் தன்ர சேர்விஸைப் பறிகொடுத்த கோபத்தில் ஒரு பந்தை ஓங்கி அடிச்சார். அது நேரே போய் நடுவர் ஆர்னோ கபாஸின் கண்ணில பட்டது. கண்ணுக்குக் கீழ் எலும்பு முறிஞ்சு அவருக்குச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. ஆட்டமும் போச்சு, நாட்டின்ர வெற்றியும் போச்சு.

அந்தப் பிள்ளையின்ர முகத்தை நான் தொலைக்காட்சியில பார்த்தன். அடிச்ச அடுத்த கணமே வாயைப் பொத்திக்கொண்டு நிண்டவர். தண்டப்பணம் 7,000 டொலர். நடுவரிட்ட மன்னிப்புக் கேட்டவர். இண்டைக்கும் கோபக்காரர்தான், ஆனால் நல்லா வந்திட்டார்.

பாலு அண்ணை சொல்லுற மாதிரி தண்டனை வேணும்தான். ஆனால் 17 வயதில ஒரு நாட்டின்ர பாரத்தைத் தோளில ஏத்திவிட்டது யார் எண்டும் கேக்கத்தானே வேணும்?

---

நாற்காலி_நடுவர்

உள்ளூர்ப் போட்டிகளில் நாற்காலியில் உட்காரும் ஆள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

பந்து யார்மீதாவது பட்டால் விதி நோக்கத்தைப் பார்ப்பதில்லை, விளைவைத்தான் பார்க்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். 2023 ஃபிரெஞ்சு ஓபன் இரட்டையரில் மியூ கடோவுக்கு நடந்தது அதுதான். பாயிண்ட் முடிந்து பந்தை மறுபக்கம் தட்டிவிட்டார். கோபமே இல்லை, சாதாரணமாக அனுப்பியதுதான். பந்து எடுத்துப்போடும் சிறுமியின் கழுத்தருகே பட்டது. முதலில் எச்சரிக்கை மட்டும்தான். சிறுமி அழுவதை எதிரணியினர் சுட்டிக்காட்டிய பிறகு கடோவும் அல்டிலா சுட்ஜியாடியும் வெளியேற்றப்பட்டார்கள். கடோவின் பரிசுத் தொகையும் புள்ளிகளும் போயின. சில நாளில் அதே மைதானத்தில் டிம் பூட்ஸோடு கலப்பு இரட்டையர் பட்டத்தை கடோ வென்றார்.

நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் எனக்கும் தூக்கம் வந்திருக்காது. ஆனாலும் விதி ஏன் அப்படி இருக்கிறது தெரியுமா? கோர்ட்டைச் சுற்றி நிற்பவர்களில் பலர் குழந்தைகள். ஆட்டக்காரரின் மனத்துக்குள் புகுந்து பார்க்க நடுவரால் முடியாது. பந்து எங்கே போனது என்பதை மட்டும்தான் பார்க்க முடியும்.

இனி செந்தில் கேட்டதற்கு வருகிறேன். முழங்காலை அடித்துக்கொள்வதற்குத் தனிப் பிரிவு இல்லை என்பது சரிதான். விளையாட்டுப் பண்புக்குப் பொருந்தாத நடத்தை என்ற பொதுப் பிரிவு ஒன்று இருக்கிறது, நடுவர் விரும்பினால் அதற்குள் கொண்டுவரலாம். ஆனால் யாரும் அறியாத இன்னொன்று இருக்கிறது. ஆட்டக்காரருக்கு ரத்தம் வந்தால் நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும், மருத்துவ உதவியாளரைக் கூப்பிட வேண்டும், ரத்தம் நின்ற பிறகே தொடர வேண்டும். விதிப்புத்தகத்தைப் பொறுத்தவரை அது ஒரு காயம், அவ்வளவுதான். தடுமாறி விழுந்து பட்டதா, தன் கையாலேயே பட்டதா என்று கேட்க அதில் இடம் இல்லை. கட்டுப் போட வருபவர் ஒருவேளை கேட்கலாம்.

---

கோகிலா_மதுரை

நடுவர் சார், செந்தில் சார், இருவர் எழுதியதையும் இரண்டு முறை படித்தேன். என் மகள் பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடுகிறாள்.

பெரிய ஆட்டக்காரர்களின் வெடிப்பை மட்டும் பேசுகிறோம். அந்த வெடிப்புக்கான வெடிமருந்து திணிக்கப்படுவது இந்த வயதில்தான். ஒரு போட்டியில் என் மகளோடு ஆடிய பெண் ஒவ்வொரு தவறுக்கும் தன் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தாள். வேலிக்கு வெளியே அவளுடைய அப்பா நின்றிருந்தார். திட்டவில்லை, கத்தவில்லை. ஒவ்வொரு தவறுக்கும் தலையைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் பந்தைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்ததுதான் அதிகம். என் மகள் ஜெயித்தாள். ஜெயித்த சந்தோஷமே எங்களுக்கு வரவில்லை.

பாலு அண்ணா, வளர்ப்பு என்று எழுதினீர்கள். டோனி நடால் போலச் சொல்லி வளர்ப்பதை நானும் மதிக்கிறேன். ஆனால் ராக்கெட்டை வீசாதே என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று சொல்லிக்கொடுக்காவிட்டால், பிள்ளை அதைத் தன் உடம்பில்தான் இறக்கும். எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஏற்பாடு. ஆட்டம் முடிந்து சாப்பிடும்வரை ஸ்கோரைப் பற்றி யாரும் பேசக்கூடாது. அவளாகப் பேசினால் கேட்போம். இது சரியான வழிதானா என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பேஸ்லைன்_பாலு

கோகிலா அம்மா, அந்த அப்பாவைப் போல நிறையப் பேரை நானும் பார்த்திருக்கிறேன். உங்கள் ஏற்பாடு நல்ல ஏற்பாடு. விடாதீர்கள்.

ஆனால் பெரியவர்களின் ஆட்டத்தில் என் நிலை மாறவில்லை. 2018 யூஎஸ் ஓபன் இறுதி ஆட்டத்தை யாராவது எடுப்பீர்கள் என்று காத்திருந்தேன், நானே எடுக்கிறேன். செரீனாவுக்கு நடுவர் கார்லோஸ் ராமோஸ் முதலில் கொடுத்தது, கேலரியிலிருந்து கோச் சைகை காட்டியதற்கான எச்சரிக்கை. அடுத்து ராக்கெட்டை உடைத்ததற்கு ஒரு பாயிண்ட் பறிபோனது. பிறகு நடுவரைத் திருடர் என்று சொன்னதற்கு ஒரு கேம். மொத்த அபராதம் 17,000 டாலர். ஆண்கள் இதைவிட மோசமாகப் பேசிவிட்டுத் தப்பிக்கிறார்கள் என்று செரீனா சொன்னார். பொதுவாக அதில் உண்மை இருக்கலாம். ஆனால் ராமோஸ் ஆண்களிடமும் கறாரானவர்தான். நடாலையும் மர்ரேயையும் அவர் எச்சரித்திருக்கிறார்.

எனக்கு அன்று உறுத்தியது வேறு. எதிரே 20 வயது நவோமி ஒசாகா. 6-2, 6-4 என்று சுத்தமாக ஜெயித்தார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஜப்பானியர். பரிசளிப்பில் கூட்டம் கூச்சலிட, தொப்பியின் முன்விளிம்பை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார். ஒருவரின் வெடிப்பு இன்னொருவரின் வாழ்நாள் தருணத்தைப் பறித்துவிட்டது. அழுத்தம் என்று பேசும்போது வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவரையும் எண்ண வேண்டும்.

---

செந்தில்_பேக்ஹேண்ட்

பாலு, இந்தக் கடைசிப் பத்தியை அப்படியே ஏற்கிறேன். கூச்சலிட வேண்டாம் என்று அன்று செரீனாவே கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கதை அங்கே முடியவில்லையே.

2021 மே மாதம். ஃபிரெஞ்சு ஓபனில் பத்திரிகையாளர் சந்திப்புக்கு வரமாட்டேன் என்று ஒசாகா அறிவித்தார். தன் மனநலம்தான் காரணம் என்றார். முதல் சுற்றில் ஜெயித்துவிட்டு வராததற்கு 15,000 டாலர் அபராதம். நான்கு கிராண்ட் ஸ்லாம் அமைப்புகளும் சேர்ந்து, தொடர்ந்தால் வெளியேற்றவும் நேரிடும் என்று அறிக்கை விட்டன. மறுநாள் அவரே விலகினார். 2018 யூஎஸ் ஓபனிலிருந்து நீண்ட காலமாக மனச்சோர்வில் அவதிப்படுவதாக அப்போதுதான் வெளியே சொன்னார். கோப்பை வாங்கிய அந்த நாளிலிருந்து! அவர் ராக்கெட்டை உடைக்கவில்லை, பந்தை யார்மீதும் அடிக்கவில்லை. என்னால் முடியவில்லை, கொஞ்சம் விடுங்கள் என்று முன்கூட்டியே, பண்பாகச் சொன்னார். அதற்கு முதலில் கிடைத்த பதில் அபராதம். நீங்கள் கேட்கும் ஒழுக்கத்தோடு உதவி கேட்டாலும் இதுதான் நிலைமை என்றால், மற்ற ஆட்டக்காரர்கள் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார்கள்?

அப்புறம், செரீனாவுக்கு முதல் எச்சரிக்கை வாங்கித்தந்த அந்தக் கோச் சைகை இன்று குற்றமே இல்லை. ஆண்கள் டூரில் 2022-இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது, 2025-லிருந்து நிரந்தர விதியாகவே வந்துவிட்டது. கேலரியிலிருந்து கோச் பேசலாம். கோர்ட்டின் தனிமை கொஞ்சம் குறைந்திருக்கிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் இன்னொரு பக்கம் தனியாக இருக்கக் கிடைத்த மூலைகளையும் எடுத்துவிட்டோம். 2012 யூஎஸ் ஓபன் இறுதி ஆட்டத்தில் ஆண்டி மர்ரே இரண்டு செட் முன்னிலையை விட்டுவிட்டு, ஐந்தாவது செட்டுக்கு முன் கழிப்பறைக்குப் போனார். அங்கே கண்ணாடியைப் பார்த்துத் தனக்குத்தானே உரக்கப் பேசிக்கொண்டு, திரும்பி வந்து தன் முதல் கிராண்ட் ஸ்லாமை வென்றார். பிறகு சிலர் அந்த இடைவேளையை நீட்டிக்கொண்டே போனதால் ஏடிபி அதை மூன்று நிமிடமாகச் சுருக்கியது. உடை மாற்ற மேலும் இரண்டு நிமிடம். ஆட்டம் முடிந்த பிறகாவது நிம்மதி உண்டா? 2023 யூஎஸ் ஓபன் இறுதியில் கோகோ காஃபிடம் தோற்ற சபலென்கா உள்ளே போய் ராக்கெட்டை உடைத்ததையும் கேமரா பிடித்து ஊருக்கே காட்டியது. கோர்ட்டில் உடைத்தால் அபராதம் என்பதால்தானே உள்ளே போய் உடைத்தார்?

---

சென்டர்கோர்ட்_93

ஆட்டம் முடிந்த பிறகு கைப்பேசியைத் திறந்தால் காத்திருப்பதையும் சொல்லுங்கள் செந்தில். பெண்கள் சங்கமான டபிள்யூடிஏவும் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பும் 2025-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2024-இல் மட்டும் 458 ஆட்டக்காரர்களுக்கு ஏறக்குறைய 8,000 வசைப் பதிவுகள் வந்திருக்கின்றன. அவற்றில் 40 சதவீதம் பந்தயம் கட்டித் தோற்றவர்கள் அனுப்பியவை. ஃபிரெஞ்சு ஆட்டக்காரர் கரோலின் கார்சியா தனக்கு வந்தவற்றை 2024-இல் வெளியிட்டபோது படிக்கவே கை நடுங்கியது. செத்துப்போ என்கிறார்கள், குடும்பத்தை இழுக்கிறார்கள். ஒரு டபுள் ஃபால்ட்டுக்கு!

---

பேஸ்லைன்_பாலு

பந்தயக்காரர்கள் விஷயத்தில் நம்மிடையே வாதமே இல்லை. அவர்களை மைதானத்துக்குள் விடவே கூடாது.

ஒசாகா விஷயத்திலும் அமைப்புகள் நடந்துகொண்ட விதம் மோசம்தான். ஆனால் செந்தில், தீர்வு என்ன? மருத்துவ இடைவேளை போல மனத்துக்கும் மூன்று நிமிடம் கொடுக்கலாம் என்று இன்னொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார். எதிராளி நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது அவருடைய ஓட்டத்தைக் கெடுக்க மருத்துவ இடைவேளை எடுப்பவர்களை நாம் பார்த்ததில்லையா? இதையும் அப்படித்தான் செய்வார்கள்.

---

நாற்காலி_நடுவர்

பாலு சொல்வது நடைமுறையில் உண்மை. எடுக்கும் நேரத்தை ஆட்டக்காரர் கையில் கொடுத்தால் அது தந்திரமாக மாறிவிடும்.

அதனால் என் யோசனை வேறு. நேரத்தைக் கூட்ட வேண்டாம். ரத்தத்துக்கு இருக்கும் விதியைக் கொஞ்சம் நீட்டினால் போதும். ஒருவர் தன்னைத்தானே அடித்துக்கொள்வதை நடுவர் பார்த்தால், தண்டனை எதுவும் இல்லாமல், ஆட்டம் முடிந்ததும் போட்டி மருத்துவருக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். மருத்துவர் அன்றே அவரோடு தனியாகப் பேச வேண்டும். ஊடகத்துக்கு அது போகக்கூடாது. ஜூனியர் போட்டிகளில் பெற்றோருக்கும் தெரிவிக்கலாம்தான். ஆனால் கோகிலா அம்மா எழுதிய அந்த அப்பாவை நினைத்தால், பெற்றோருக்கு முன்னால் பயிற்சியாளரிடம் சொல்வதுதான் சரி என்று படுகிறது.

எங்கள் மாவட்ட நடுவர்கள் அடுத்த மாதம் கூடுகிறோம். இதை அங்கே எழுதிக் கொடுக்கப்போகிறேன். வாசகத்தில் எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்று இங்கேயே சொல்லுங்கள். பாலு, முக்கியமாக நீங்கள்.

---

பேஸ்லைன்_பாலு

எழுதுங்கள் சார். ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொல்வேன்: இந்தக் குறிப்பைக் காரணம் காட்டி யாரையும் அடுத்த ஆட்டத்திலிருந்து விலக்கக் கூடாது. அந்தப் பயம் இருந்தால் பிள்ளைகள் ஒளிந்துபோய் அடித்துக்கொள்வார்கள்.

---

கோகிலா_மதுரை

பாலு அண்ணா சொன்ன அந்த வரியை முதல் வரியாகவே போடுங்கள் சார்.